பன்னிரண்டு மணி மூச்சு

தங்கபுஷ்பத்தைச் சும்மா விடுவதில்லை என்று பிரிஸில்லா முடிவு செய்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு. நர்சிங் சூப்பிரண்டெண்டான தங்கபுஷ்பம் தன் அறையில் அவளை உட்காரச் சொல்லவில்லை. எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி இருபது நிமிஷம் நின்றாள். அதனால்தான் அந்த நேரம் அவளுக்கு இன்றும் மறக்கவில்லை.

மேஜை மேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவளுக்கு வந்த மெமோ. நோயாளியின் நிலை மோசமானதை உரிய நேரத்தில் மேலதிகாரிக்குத் தெரிவிக்கத் தவறினாள், அதனால் ஓர் உயிர் போனது என்று அதில் இருந்தது. இன்னொன்று, முந்தைய நாள் விடியற்காலை இறந்துபோன அப்துல் வஹீதின் சார்ட். பிரிஸில்லா குனிந்து அதைப் பார்த்தாள். மணிக்கு மணி ரத்த அழுத்தம், நாடி, மூச்சு எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அவளுடைய சுருக்கொப்பம். பார்த்தால் அவள் கையெழுத்து மாதிரியே இருந்தது. ஆனால் அது அவள் எழுதியது அல்ல.

தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, தானாக ராஜினாமா கொடுத்துவிட்டால் நர்சிங் கவுன்சில் வரைக்கும் போகாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தக் கரிசனம்தான் பிரிஸில்லாவை எரித்தது. திட்டியிருந்தால் ஒருவேளை அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டது எல்லாம் சாந்தோமில். அப்பா ராஜநாயகம் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டிலேயே இருந்தவர். கணவன் டெரன்ஸ் பெசன்ட் நகரில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். அபிராமபுரத்தில் அறுபது படுக்கை கொண்ட அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பிரிஸில்லா சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நரம்பு கிடைக்காத கையிலும் ஊசி போட்டுவிடுவாள் என்று அவளுக்குப் பெயர். எதிர்த்துப் பேசுகிறவள் என்றோ, ஏன் எதற்கு என்று கேட்கிறவள் என்றோ ஒருநாளும் யாரும் சொன்னதில்லை. நர்சிங் படிப்பிலும் மனப்பாடத்தில்தான் முதல் வகுப்பு வாங்கினாள். சொன்னதைச் செய்தாள், செய்ததை எழுதினாள். பதினோரு வருஷமும் அப்படித்தான் ஓடியது.

புதன்கிழமை நடந்தது இதுதான். அப்துல் வஹீதுக்கு ஐம்பத்தெட்டு வயது. தி. நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பின்பக்கம் சூட்கேஸ், பை ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பித்தப்பையை எடுத்து இரண்டாவது நாள். காலையில் இட்லி கேட்டவர், மதியம் ஒரு மணிக்குச் சட்டைப் பொத்தானை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தார். எதற்கென்று கேட்டால் கடையைச் சாத்தணும் என்றார். ரத்த அழுத்தம் சரியாகத்தான் காட்டியது. ஜுரமும் அதிகம் இல்லை. ஆனாலும் பிரிஸில்லாவுக்கு ஏதோ நெருடியது. அவர் மார்பைப் பார்த்துக்கொண்டே நின்று ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினாள். இருபத்தெட்டு மூச்சு. சாதாரண ஆளுக்குப் பதினைந்து, பதினாறுதான் இருக்கும். மூத்திரப் பையும் காலையிலிருந்து அப்படியே கிடந்தது.

வார்டிலிருந்து சர்ஜனையோ டியூட்டி டாக்டரையோ நேரடியாகக் கூப்பிடக்கூடாது, சூப்பிரண்டெண்ட் மூலமாகத்தான் கூப்பிட வேண்டும் என்பது அங்கே விதி. அன்றைக்குத் தரச் சான்றிதழ் கொடுக்கிற குழு ஆய்வுக்கு வந்திருந்தது. தங்கபுஷ்பம் அவர்களோடு கான்ஃபரன்ஸ் ஹாலில் இருந்தார். பிரிஸில்லா கவுண்டரில் இருந்த இன்டர்காமில் கூப்பிட்டாள். நோயாளி பயப்படுகிறார், தைரியம் சொல்லுங்கள் என்று தங்கபுஷ்பத்திடமிருந்து பதில் வந்தது. ஒன்றரை மணிக்கு மறுபடி எண்ணினாள். முப்பத்திரண்டு. மறுபடி கூப்பிட்டாள். ஆய்வாளர்கள் வார்டுக்கு வரப்போகிறார்கள், காரிடாரில் பரபரப்பு காட்ட வேண்டாம் என்றார். இரண்டு மணிக்கு மூன்றாவது தடவை கூப்பிட்டபோது தங்கபுஷ்பம் சொன்னது பிரிஸில்லாவின் காதில் அப்படியே தங்கிவிட்டது.

"சிஸ்டர், பாக்கறது, எழுதறது உங்க வேலை. யோசிக்கறது டாக்டர் வேலை. வைங்க போனை."

இரண்டரை மணிக்கு டியூட்டி டாக்டர் தானாக ரவுண்ட்ஸ் வந்தார். படுக்கையைப் பார்த்ததும் முகம் மாறியது. உடனே அடுத்த தெருவிலிருந்த ஸ்கேன் சென்டருக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார். வயிற்றுக்குள் பித்தநீர் கசிந்து விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. நாலரைக்கு அவசரமாகத் தியேட்டருக்கு எடுத்துப் போனார்கள். மறுநாள் விடியற்காலை அவர் இறந்தார்.

மெமோ வாங்கிய அன்றைக்கே பிரிஸில்லா வேலையை விட்டாள். ராஜினாமாக் கடிதம் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து டெரன்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நல்லவன், ஆனால் சண்டை என்றால் ஒதுங்குகிறவன். விட்டுவிடு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றான்.

"அவர் பாத்துக்கட்டும். நானும் பாத்துக்கறேன்" என்றாள் பிரிஸில்லா.

அடுத்த மாதம் அடையாறு இந்திரா நகரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் வேலை கிடைத்தது. சேர்ந்த ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண் வந்து வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்துல் வஹீதின் மனைவி ஜைதூன் பீ. காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை ஒன்றும் பேசாமல் பிரிஸில்லாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமையும் வந்தாள். சனிக்கிழமை வந்தபோது பக்கத்திலிருந்த நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம், இவள் கையால் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், என் புருஷனைக் கொன்றவள் என்று அமைதியாகச் சொன்னாள். நர்சிங் கவுன்சிலிலும் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். திங்கட்கிழமை மேனேஜர் பிரிஸில்லாவைக் கூப்பிட்டு, விசாரணை முடிந்த பிறகு பார்க்கலாம் என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் பிரிஸில்லா என்ன செய்தாள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவளைப் பற்றிச் சொன்னதாகாது. தங்கபுஷ்பத்தின் வீடு நங்கநல்லூரில், ஆஞ்சநேயர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. பிரிஸில்லா ரயிலேறிப் பழவந்தாங்கலில் இறங்கி நடந்து போவாள். எதிர்ப்பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை நிழலில் நின்று இரண்டாவது மாடி பால்கனியைப் பார்ப்பாள். தங்கபுஷ்பம் எந்தக் கிழமை எந்தப் புடவை கட்டுகிறார், எத்தனை மணிக்கு விளக்குப் போடுகிறார், சனிக்கிழமை கோயிலுக்குத் தனியாகப் போகிறாரா, தங்கையோடு போகிறாரா, எல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆனது. மொட்டைக் கடிதம் ஒன்று எழுதி, அதைக் கிழித்தாள். இன்னொன்று எழுதிப் பையிலேயே வைத்திருந்தாள். மாடிப்படியில் அந்த அம்மாள் கால் தடுக்கி விழுவது போல நினைத்துப் பார்ப்பாள். அந்த நினைப்பு அவளுக்கு இதமாக இருந்தது. கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதையும் தன் பாவமாகச் சொன்னாள்; அதற்காக மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறாயா மகளே என்று பங்குச் சாமியார் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

ஒரு சனிக்கிழமை அந்த ஜெராக்ஸ் கடைக்காரர், யாரைப் பார்க்க வேண்டும், வீட்டு நம்பர் தெரியுமா என்று உதவி செய்கிற தோரணையில் கேட்டார். பிரிஸில்லா கூச்சத்தோடு கிளம்பிவிட்டாள். திரும்பி வரும் ரயிலில்தான் அவளுக்கு உறைத்தது. அந்த அம்மாளின் புடவை வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறேன். அவர் செய்த தப்பில் ஒன்றையாவது என்னால் நிரூபிக்க முடியுமா? என் வார்த்தையைத் தவிர என் கையில் என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலம் அப்பாவின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தாள். பக்கத்தை ஸ்கேலால் மூன்றாகப் பிரித்தாள். முதல் பத்திக்குத் தலைப்பு 'பார்த்தது'. அடுத்தது 'நினைத்தது'. கடைசி 'தெரியாதது'. புதன்கிழமை நடந்த ஒவ்வொன்றையும் எந்தப் பத்தியில் போடலாம் என்று யோசித்து எழுதினாள். நடுப்பத்திதான் வேகமாக நிரம்பியது. என் மேல் உள்ள வெறுப்பில்தான் டாக்டரைக் கூப்பிடவில்லை என்று முதல் பத்தியில் எழுதினாள். வெறுப்பை எப்படிப் பார்த்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அதை 'நினைத்தது' பத்திக்கு மாற்றினாள். சார்ட்டை மாற்றியது தங்கபுஷ்பம். மாற்றியதைப் பார்த்தாயா? பார்த்தது, அது தன் கையெழுத்து இல்லை என்பது மட்டும்தான். மனசு ரொம்ப வலித்தது. கோபத்துக்குத் தீனி போடுவது எல்லாம் ஒவ்வொன்றாக முதல் பத்தியைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் மிச்சம் நின்றது கல் மாதிரி நின்றது. அதைக் குறிபார்த்து எறிந்தால் காயம் படும் என்று அவளுக்குத் தெரிந்தது.

'தெரியாதது' பத்தியில் முதல் வரி இது: அந்தப் போலி சார்ட்டில் முழுக்க என்ன எழுதியிருக்கிறது? வெள்ளிக்கிழமை அவள் அதைப் பார்த்தது அரை நிமிஷம். அதன் நகல் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். புகார் கொடுத்தவளிடம்.

ஜைதூன் பீயின் வீடு மீர்சாகிப்பேட்டையில், மார்க்கெட்டை ஒட்டிய சந்தில். கதவைத் திறந்தவள் பிரிஸில்லாவைப் பார்த்ததும் மறுபடி சாத்தப் போனாள். பிரிஸில்லா கதவைப் பிடிக்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"எனக்குத் தண்டனை வாங்கித் தரணும்னா தாராளமா வாங்கித் தாங்கம்மா. ஆனா தப்பான ஆளுக்கு வாங்கித் தந்தீங்கன்னா, சரியான ஆளு தப்பிச்சிரும்."

கதவு பாதியில் நின்றது. உள்ளே வா என்று சொல்லவில்லை, ஆனால் வழிவிட்டு நகர்ந்தாள். தரையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மகன் ரெஹானை ஜைதூன் பீ கையசைத்து உள்ளேயே இருக்கச் சொன்னாள்.

"உன்ன நான் கண்ணால பாத்தேன்" என்றாள் ஜைதூன் பீ. "எங்க வூட்டுக்காரரு மூச்சு வாங்கிக்கினு கெடக்கறாரு. நீ போன்ல பேசிக்கினு நிக்கற. ஒரு தரம் இல்ல, மூணு தரம்."

"பாத்தீங்க. அது நிஜம். யார்கிட்ட பேசினேன்?"

"எனக்கு இன்னா தெரியும்? உன் சிநேகிதக்காரி கைல பேசினியோ, யார் கைல பேசினியோ."

"பேசினதுல ஒரு வார்த்தையாவது காதுல விழுந்துச்சாம்மா?"

ஜைதூன் பீ யோசித்தாள். "மேடம், மேடம்னு சொல்லிக்கினே இருந்த" என்றாள். சிநேகிதியை யாரும் மேடம் என்று கூப்பிடுவதில்லை. இத்தனை மாதமாக அந்த வார்த்தை அவள் காதிலேயே இருந்திருக்கிறது.

ஜைதூன் பீ எழுந்து போய் சார்ட்டின் நகலைக் கொண்டுவந்தாள். பிரிஸில்லா வரிவரியாகப் படித்தாள். மூன்று மணிக்கு நோயாளி அமைதியாகத் தூங்குகிறார் என்று இருந்தது. மூன்றரைக்குத் திடீர் மோசம். நான்கு மணிக்கு ஸ்கேனுக்கு அனுப்பப்பட்டார். தெரிவிக்க நேரமே இல்லாத மாதிரியும், இருந்த நேரத்தில் நர்ஸ் தெரிவிக்காத மாதிரியும் ஒரே நேரத்தில் தோன்றும்படி எழுதியிருந்தது. ஸ்கேன் படம் இருக்கிறதா என்று கேட்டாள். பீரோ மேலிருந்து பெரிய உறையை ஜைதூன் பீ எடுத்தாள். இருவரும் ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். மூலையில் பெயரும் தேதியும் சின்ன எழுத்தில் இருந்தன. பக்கத்தில் நேரம், 14:52.

பிரிஸில்லாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சார்ட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனிதர் அதே நேரத்தில் அடுத்த தெரு மெஷினுக்குள் படுத்திருந்திருக்கிறார். இதில் எழுதியிருக்கிற ஒவ்வொரு வரியும் பொய், எல்லா நேரத்திலும் மூச்சு இருபது இருபது என்று போட்டிருக்கிறார்கள் பாருங்கள், நான் அப்படி எழுதவே இல்லை என்று வேகமாகச் சொன்னாள்.

ஜைதூன் பீ படத்தைக் கீழே இறக்கினாள். "ஒரு மணிக்கி நீ ரொம்ப நேரம் நின்ன. கையக் கட்டிக்கினு அவரையே பாத்துக்கினு இருந்த. அது எனக்கு ஞாபகம் கீது. பன்னெண்டு மணிக்கி அப்படி நிக்கல. வந்த, அந்தப் பட்டையக் கையில கட்டின, எழுதின, போய்ட்ட. அரை நிமிசம்கூட இல்ல."

பிரிஸில்லா இல்லை என்றாள். பன்னிரண்டுக்கும் எண்ணினேன் என்று சாதித்தாள். குரல் உயர்ந்தது. ஜைதூன் பீ வாதாடவில்லை. படத்தை உறையில் போட்டுத் திரும்ப பீரோ மேல் வைத்துவிட்டாள்.

பிரிஸில்லா வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தாள். முதல் பக்கத்தில், முதல் பத்தியில், பன்னிரண்டு மணி, மூச்சு இருபது என்று அவளே எழுதி வைத்திருந்தாள். பார்த்தது என்ற தலைப்புக்குக் கீழே. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரத்த அழுத்தத்தை மெஷின் சொல்லிவிடும், ஜுரத்தைத் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். மூச்சை மட்டும் ஆள் நின்று, ஒரு நிமிஷம் நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். பதினான்கு நோயாளிகளுக்குப் பதினான்கு நிமிஷம். அந்த வார்டில் யாரும் எண்ணுவதில்லை. எல்லோரும் இருபது என்று போடுவார்கள். பதினோரு வருஷமாக அவளும் இருபது என்றுதான் போட்டாள். அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறாள். அவர் பொத்தானை அவிழ்க்க ஆரம்பித்த பிறகுதான் எண்ணினாள்.

அந்த வரியை அடித்து, 'தெரியாதது' பத்தியில் எழுதினாள். பன்னிரண்டு மணிக்கு அவர் மூச்சு எத்தனை? அதற்கு இனிமேல் பதில் கிடையாது.

அசல் சார்ட்டைத்தான் அழித்துவிட்டார்களே, பன்னிரண்டு மணிக்கு அவள் என்ன எழுதினாள் என்று யாருக்குத் தெரியும், எல்லாம் போலி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம் என்று டெரன்ஸ்கூடச் சொன்னான். அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் தங்கபுஷ்பத்தின் மேல் இருந்த வெறி அதற்கு இடம் கொடுக்கவில்லை. நானும் ஒரு பொய் சொன்னால் எனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம் என்று நாளைக்கு ஒருவர் கேட்பார். அந்தச் சந்தில் நுழைந்து அவள் தப்பித்துவிடுவாள். அவள் விழுவதற்கு நானும் கொஞ்சம் விழ வேண்டுமென்றால் விழுகிறேன். பிரிஸில்லா நினைத்தது இவ்வளவுதான். பிற்பாடு இதை யாராவது நேர்மை என்று புகழ்ந்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும்.

இன்னொன்றும் யோசித்தாள். ஸ்கேன் படத்தைக் காட்டினால் அவர்கள் என்ன சொல்வார்கள்? மெஷின் கடிகாரம் தப்பாக ஓடியது என்பார்கள். ஸ்கேன் சென்டருக்குப் போய்ப் பழைய பதிவேட்டைக் கேட்டாள். தர முடியாது என்றுவிட்டார்கள். அப்படியானால் படம் மட்டும் போதாது. அசல் சார்ட் ஒன்று இருந்தது என்பது தங்கபுஷ்பத்தின் வாயிலிருந்தே வர வேண்டும். பதினோரு வருஷமாக அந்த அம்மாளைப் பார்த்திருக்கிறாள். தனக்குக் கீழே உள்ளவள் தப்புச் செய்து அகப்பட்டால் அதைத் தன் வாயால் ஒருமுறை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. யாராவது ஏற்கெனவே சொல்லிவிட்டாலும் திரும்பச் சொல்வார்.

கவுன்சில் விசாரணை, அப்துல் வஹீத் இறந்த இரண்டாவது வருஷம் ஏப்ரலில் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு. தலைமை வகித்தவர் ஓய்வு பெற்ற நர்சிங் பேராசிரியை ஒருவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசுவார். தங்கபுஷ்பம் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வந்தார். பக்கத்தில் ஆஸ்பத்திரி வக்கீல். பிரிஸில்லாவுக்கு வக்கீல் இல்லை. ஜைதூன் பீ படத்தைத் தானே கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். கொண்டுவந்தாள்.

படத்தைக் காட்டியதும், பிரிஸில்லா எதிர்பார்த்ததையே வக்கீல் சொன்னார். அந்த மாதிரி மெஷின்களில் நேரம் முன்பின் இருப்பது சகஜம் என்றார். மேடம் மேடம் என்று பேசியதைக் கேட்டேன் என்று ஜைதூன் பீ சொன்னாள். எந்த மேடம் என்று உங்களுக்குத் தெரியுமா என்று வக்கீல் கேட்டார். தெரியாது என்றாள். பிறகு அவர் பிரிஸில்லாவிடம் திரும்பி, இந்த சார்ட்டில் இருக்கிற எல்லாமே பொய் என்கிறீர்களா என்று கேட்டார்.

"ஒண்ணைத் தவிர" என்றாள் பிரிஸில்லா. "பன்னெண்டு மணிக்கு மூச்சு இருபதுன்னு இருக்கு. அது நான் போட்டது. எண்ணாம போட்டேன். அது என் தப்பு."

டெரன்ஸ் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். வக்கீல் ஒரு கணம் தடுமாறிவிட்டு, ஆக அலட்சியத்தை ஒப்புக்கொள்கிறீர்கள் என்றார். ஆமாம், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் பிரிஸில்லா. அவள் வக்கீலைப் பார்க்கவில்லை. தங்கபுஷ்பத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் இளகுவதையும், உதடுகள் அசைவதையும், இரண்டு வருஷமாகக் காத்திருந்தவள் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பேச வேண்டாம் என்று தடுக்க நீட்டிய வக்கீலின் கையைத் தங்கபுஷ்பம் தட்டிவிட்டார்.

"அதைத்தான் மேடம் நானும் முதல்லேருந்து சொல்றேன்" என்றார் தலைவியிடம். "இவங்க எப்பவுமே எண்ண மாட்டாங்க. பன்னெண்டு மணிக்கு இருபதுன்னு இவங்க கைப்படப் போட்டிருந்தாங்க. நானே பாத்தேன். பாத்துட்டு அப்படியேதான் எடுத்து…"

பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியேதான் எடுத்து, அப்புறம் சொல்லுங்க."

வக்கீல் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். தலைவி சார்ட் நகலைத் தங்கபுஷ்பத்தின் பக்கம் தள்ளி, நீங்கள் பார்த்த தாள் இதுவா, வேறா என்று கேட்டார். பிறகு ஸ்கேன் சென்டர் பதிவேட்டைக் குழுவே வரவழைக்கும் என்றும், டியூட்டி டாக்டருக்குக் கடிதம் போகும் என்றும் எழுதச் சொன்னார். பிரிஸில்லாவுக்குள் எழுந்தது பழி தீர்த்த சந்தோஷம்தான் என்று அவளுக்கே நன்றாகத் தெரிந்தது. அவள் அதை மறைக்கவுமில்லை.

ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. ஆவணத்தை மாற்றியதற்காகத் தங்கபுஷ்பத்தின் பதிவு இரண்டு வருஷம் நிறுத்திவைக்கப்பட்டது. மூச்சு எண்ணாமல் எழுதியதற்காகப் பிரிஸில்லாவுக்கு ஒரு மாதம்.

கவுன்சில் வாசலில் ஜைதூன் பீ பஸ்ஸுக்குப் போகாமல் அவளுக்காக நின்றிருந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள். பன்னிரண்டு மணிக்கு நீ எண்ணியிருந்தால் அவர் இருந்திருப்பாரா? தெரியாதும்மா, இருந்திருக்கலாம் என்றாள் பிரிஸில்லா. ஜைதூன் பீ தலையை ஆட்டினாள். பொய் சொல்லியிருந்தால் இங்கேயே செருப்பால் அடித்திருப்பேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பிரிஸில்லாவும் கேட்கவில்லை.

தங்கபுஷ்பம் ஆஸ்பத்திரியை விட்டுப் போகிற நாள் எது என்று பிரிஸில்லா விசாரித்து வைத்திருந்தாள். அன்று மதியம் அபிராமபுரத்துக்குப் போய் எதிர்ச்சாரியில் இளநீர் வண்டி பக்கத்தில் நின்றாள். போகக்கூடாது என்று டெரன்ஸ் எவ்வளவோ சொல்லியிருந்தான். மூன்றரை மணிக்குத் தங்கபுஷ்பம் இரண்டு துணிப்பைகளோடு வெளியே வந்தார். வழியனுப்ப யாரும் வரவில்லை. ஆட்டோவுக்குக் கைகாட்டப் போனவர் பிரிஸில்லாவைப் பார்த்துவிட்டார். தெருவைக் கடந்து வந்தார். கிட்டத்தில் பார்க்க வயசானவராகத் தெரிந்தார்.

"அன்னிக்கு மேனேஜ்மென்ட் சொன்னதைத்தான் செஞ்சேன்" என்றார். "எனக்கும் மேல ஆளுங்க இருந்தாங்க பிரிஸில்லா. சார்ட்டை யாரு மாத்தச் சொன்னதுன்னு உனக்குத் தெரியாது."

"நீங்க அவங்களுக்கு மூணு தடவை போன் பண்ணியிருக்கலாம் மேடம். நான் உங்களுக்குப் பண்ணின மாதிரி."

தங்கபுஷ்பம் பைகளைக் கை மாற்றினார். "இப்ப திருப்தியா?"

"ஆமா மேடம்."

அவர் வேறு ஏதோ எதிர்பார்த்தார் போலிருக்கிறது. சற்று நின்றுவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனார். பிரிஸில்லா ஆட்டோ திரும்பும் வரை பார்த்தாள். இரக்கம் வருகிறதா என்று தன்னைத் தானே சோதித்துப் பார்த்தாள். வரவில்லை. பிறகு பஸ் பிடித்து நொச்சிக்குப்பம் மீன் சந்தைக்குப் போய், பேரம் பேசாமல் வஞ்சிரம் வாங்கினாள். அன்று ராத்திரி மூன்று பேருக்கும் குழம்பு வைத்து, தானும் வயிறாரச் சாப்பிட்டாள். ராஜநாயகம் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது அவள் அடையாறில் வேறொரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நேர்முகத் தேர்விலேயே எல்லாவற்றையும் சொல்லித்தான் சேர்ந்தாள். ஒவ்வொரு படுக்கை முன்னாலும் ஒரு நிமிஷம் நின்று எண்ணுவதால் அவளுடைய ரவுண்ட்ஸ் முடிய மற்றவர்களைவிட நேரமாகிறது. அதற்காக முணுமுணுப்பவர்களும் உண்டு. புதிய நோட்டு ஒன்றும் இருக்கிறது. அதில் முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: மாற்றச் சொன்னது யார்? 'பார்த்தது' பத்தியில் இதுவரை நான்கு வரிகள் சேர்ந்திருக்கின்றன.

தங்கபுஷ்பத்தின் தடை அடுத்த ஜூனில் முடிகிறது. மறுபடி பதிவு கேட்டு விண்ணப்பித்தால் அதை எதிர்த்து எழுத முப்பது நாள் அவகாசம் உண்டு என்று பிரிஸில்லா கவுன்சில் அலுவலகத்தில் ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.